பூச்சு வேலைக்கு முன்பே ஒயரிங்கை யோசியுங்கள்
சுவரை வெட்டி ஒயர் போகும் பைப் பதிப்பதற்கு முன், கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எங்கே வரப்போகின்றன என்று சாக்பீஸால் சுவரிலேயே குறித்துவிடுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் பாருங்கள். திறந்த கதவுக்குப் பின்னால் சுவிட்ச் போர்டு மாட்டிக்கொண்டால் தினமும் தொல்லைதான். ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு ஒவ்வொன்றுக்கும் மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் போதும், கீசருக்கு 4 சதுர மி.மீ. போடச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம். உயிரைக் காப்பது அது, அங்கே மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பைப் பதித்ததும், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது ஒயர் எங்கே ஓடுகிறது என்று தெரியும்.