விஞ்ஞானியின் வரலாறு எழுதுபவர் தன் காகிதங்களில் செய்யும் தவறுகள்

1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். தனக்கு ஏறக்குறைய 23 வயது என்கிறார். அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. விரல் விட்டு எண்ணினாலே தெரியும், 25 முடிந்துவிட்டது. சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டு என்றும் அதே கடிதம் சொல்கிறது. பவுண்டுக்கு 15 ரூபாய் இருந்த காலம் அது. அப்படியானால் மாதம் 25 ரூபாய். ஆனால் அவர் 30 ரூபாயில் வேலைக்குச் சேர்ந்தார் என்று பல நூல்கள் சொல்கின்றன.

விஞ்ஞானியே கைப்பட எழுதியது, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. அதைவிடப் பெரிய தவறு, குறிப்பெடுக்கும்போதே நாமாக 23ஐ 25 என்று திருத்திவிடுவது. பத்து வருஷம் கழித்து அந்தக் குறிப்பைப் பார்ப்பவருக்கு, கடிதம் என்ன சொன்னது, குறிப்பெடுத்தவர் என்ன நினைத்தார் என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது. காகிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் சந்தேகத்தைப் பக்கத்தில் வேறு நிற மையில் எழுதுங்கள்.

பழைய குடும்பக் கடிதங்களில் தேதியும் காலை வாரும். ‘சர்வஜித்து வருஷம் மார்கழி’ என்று இருந்தால், அறுபது வருஷச் சுழற்சியில் அது 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். ஆண்டு 1887தான் என்று முடிவானாலும், மார்கழியின் பிற்பாதி 1888 ஜனவரியில் விழும். ஆங்கிலத் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு மூலத்தில் இருந்ததை விட்டுவிட்டால், தவறைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும். பெயரும் இப்படித்தான். ஐயங்கார் என்ற ஒரு சொல்லையே ஆங்கிலப் பதிவேடுகளில் மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ‘ஆவணம் இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது நானே செய்த தவறு. ஓர் ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து கைப்பேசியில் நானூறு படங்கள் எடுத்தேன். எந்தக் கோப்பின் அட்டையையும் படம் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அற்புதமான கடிதங்கள், ஆனால் எது எந்தக் கோப்பு என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. அதை அடிக்குறிப்பில் எப்படிச் சொல்வது? திரும்பப் போய் ஒரு வாரம் செலவழித்தேன். இப்போதெல்லாம் கோப்பு கைக்கு வந்ததும் அட்டையும் எண்ணும்தான் என் முதல் படம். கோப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் மறுபடி அதே அட்டை.

காகிதங்களைப் பட்டியல் போடாமல் விடுவதால் என்ன ஆகும் என்பதற்கும் ராமானுஜன் கதையே சாட்சி. அவர் கடைசி ஆண்டில் எழுதிய தாள்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் ஹார்டிக்கு அனுப்பியது. பிறகு அவை கணிதவியலாளர் வாட்சனிடம் போய்ச் சேர்ந்தன. வாட்சன் 1965இல் இறந்தபின், அவர் வீட்டு அறைத் தரையில் காகிதம் குவிந்து கிடந்தது. சில நாளில் எரித்திருப்பார்கள். தேடிப் போன ஒரு கணிதவியலாளர் கையில் தற்செயலாகச் சிக்கியதால் இந்தத் தாள்கள் பிழைத்தன. 1968இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போயின. அங்கும் உலகம் அறியாமலே கிடந்தன. 1976இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அந்தப் பெட்டியைத் திறந்தபோதுதான் அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள் வெளியே வந்தன. நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஒரு பக்கப் பட்டியல் கூடவே இருந்திருந்தால் ஐம்பது ஆண்டு இருட்டு இருந்திருக்காது.

சென்னை வீட்டில் காகிதம் வைப்பது தனி வேலை. கடல் காற்றின் ஈரத்தில் ஸ்டேபிள் பின்னும் குண்டூசியும் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். எடுத்துவிட்டு, தாள்களை மடித்த காகித உறைக்குள் வையுங்கள். கிழிந்த கடிதத்துக்கு செலோ டேப் போடாதீர்கள், பசை மஞ்சளாகி எழுத்தோடு ஒட்டிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைப் பிரிக்க முடியாது. ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் பயந்து பெட்டியைத் தரையில் வைக்காமல் இருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கீழ்த் தட்டில் எதையும் வைக்க எனக்குத் துணிவில்லை.

பேட்டிகளில் ஒரே ஒரு எச்சரிக்கை. விஞ்ஞானியின் மகளோ பழைய மாணவரோ பேசும்போது, ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே தேதி, இடம், யார் பேசுகிறார், எதற்குச் சம்மதிக்கிறார் என்பதைச் சொல்ல வையுங்கள். ‘இதை மட்டும் எழுதாதேப்பா’ என்று அவர் சொன்னதைக் குறித்து வைக்காவிட்டால், உங்களுக்குப் பின் வருபவர் அச்சில் ஏற்றிவிடுவார். கடிதம் உங்கள் கையில் இருப்பதால் அச்சிடும் உரிமையும் உங்களுடையது என்று எண்ணாதீர்கள். பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் வாரிசுகளுக்கு.

புத்தகம் வெளிவந்ததும் அலமாரியைக் காலி செய்து பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுபவர்கள் உண்டு. அப்போது முதலில் போவது, தேடியும் கிடைக்காதவற்றின் குறிப்புகள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்ன ஆண்டுக் கோப்பைக் கேட்டேன், ‘இல்லை’ என்று சீட்டு திரும்பி வந்தது. இந்தக் குடும்பத்துக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. புத்தகத்தில் இவற்றுக்கு இடமிருக்காது. ஆனால் அடுத்து இதே மனிதரைப் பற்றி எழுத வருபவருக்கு அந்தச் சீட்டு ஒரு மாத உழைப்பை மிச்சப்படுத்தும். அதையும் தேதி போட்டு ஓர் உறையில் வைத்து, பெட்டியின் மேலேயே, முதலில் கண்ணில் படும்படி வையுங்கள்.