வலிப்பு நிற்கவில்லையா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

என் மகனுக்கு முதல்முறை வலிப்பு வந்தபோது, பத்து நிமிஷம் இழுத்தது என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னேன். அவன் அக்கா போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தால் மூன்றே நிமிஷம். பதற்றத்தில் இருப்பவர் கணக்கை நம்பவே முடியாது. இழுக்கத் தொடங்கியதும் மணி பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும். ஐந்து நிமிஷம் தாண்டினால் காத்திருக்கக் கூடாது, டாக்டர் எழுதிக்கொடுத்த அவசர மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். வலிப்பை நிறுத்தும் மிடசோலம் போன்ற இந்த மருந்துகள், நரம்பு செல்லின் மேல்பரப்பில் உள்ள காபா ஏற்பிகளை, அதாவது நரம்பின் பரபரப்பை அடக்கும் புரதங்களை, பற்றித்தான் வேலை செய்கின்றன. வலிப்பு நீள நீள அந்த ஏற்பிகள் செல்லுக்குள்ளே போய்விடுகின்றன. அதனால் ஐந்தாவது நிமிஷத்தில் கேட்கிற மருந்து, அரை மணி கழித்து அப்படிக் கேட்பதில்லை.

நான் செய்த தப்பு இது: மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரேயை இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். வலிப்பு நிற்கவில்லை. பிறகுதான் 2001-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். ஆம்புலன்ஸிலேயே லோரசெபாம் (மிடசோலம் வகை மருந்துதான்) போட்டவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு மூச்சு, ரத்த ஓட்டச் சிக்கல் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் ஊசி பெற்றவர்களில் 22 சதவீதத்துக்கும் மேல். மருந்தைவிட நிற்காத வலிப்புதான் மூச்சை அதிகம் கெடுக்கிறது. எனவே எழுதிக்கொடுத்த அளவை முழுதாகக் கொடுங்கள், மூச்சைக் கவனித்தபடி கூடவே இருங்கள். நாமாகக் கூட்டவும் வேண்டாம்.

அந்த அளவு இன்றைக்கும் சரியா என்றும் பாருங்கள். எங்கள் சீட்டு மகன் 18 கிலோ இருந்தபோது எழுதியது. அவன் 24 கிலோ ஆன பிறகும் அதையே பையில் வைத்திருந்தேன். எடை ஏறும்போதெல்லாம் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். ஸ்ப்ரேயின் காலாவதி தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஐந்து நிமிஷம் ஆனதும் மருந்தோடு ஆம்புலன்ஸையும் கூப்பிடுங்கள். நினைவு திரும்பாமல் மறுபடி இழுத்தாலும், உதடு நீலமாகவே இருந்தாலும் அப்படித்தான். முதல்முறை வலிப்பு என்றால் ஐந்து நிமிஷம் வரை பொறுக்கவே வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் அடுத்து எந்த ஊசி என்று மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லெவெடிரசெட்டம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் மூன்றையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2019-இல் வந்தது. மூன்றுமே ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பை நிறுத்தின, பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டருக்கு நம்மிடமிருந்து வேண்டியது வேறு: எப்போது தொடங்கியது, எப்போது எவ்வளவு மருந்து போனது, தினமும் என்ன மாத்திரை. போன தடவை என் மகள் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வந்திருந்தாள்: 2.10 இழுப்பு, 2.15 ஸ்ப்ரே, இரண்டு பக்கமும். டியூட்டி டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துத்தான் அடுத்த மருந்தைச் சொன்னார்.