கேஜ் முள் சொல்வது சரிதானா?

களக்காடு பக்கம் மாமாவின் வாழைத்தோட்டத்தில் சொட்டுநீர் ஃபில்டருக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்), பின்னால் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோவைத் தொட்டால் ஃபில்டரைக் கழுவ வேண்டும். போன மாதம் மூன்று தடவை கழுவியும் வித்தியாசம் குறையவே இல்லை. கடைசியில் பார்த்தால், மோட்டாரை நிறுத்தி, லைனில் தண்ணீர் வடிந்த பிறகும் முதல் கேஜின் முள் 0.4-இல் நிற்கிறது!

கேஜைச் சோதிக்க மாடித் தொட்டியே போதும். 10 மீட்டர் உயரத் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தரும். தொட்டியின் நீர்மட்டம் கேஜுக்கு 7 மீட்டர் மேலே இருந்தால் முள் 0.7 காட்ட வேண்டும். குழாய் பெரிதோ சிறிதோ, தொட்டி ஆயிரம் லிட்டரோ ஐயாயிரமோ, உயரம் மட்டும்தான் கணக்கு. அளக்கும்போது வீட்டில் யாரும் பைப்பைத் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அதுதான் பெரிய பாடு.

அப்புறம், லைனின் கடைக்கோடியில் அழுத்தம் 0.1, 0.2 கிலோதான் இருக்கும் என்று தோன்றினால், 4 கிலோ வரை காட்டும் கேஜை நம்பாதீர்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறதே, அதுவே நல்ல மானோமீட்டர் (தண்ணீர் ஏறும் உயரத்தை வைத்து அழுத்தம் அளக்கும் கருவி). ஒரு முனையை லைனில் செருகி, மறுமுனையைத் திறந்தபடி கம்பில் கட்டி நிமிர்த்துங்கள். காற்றுக்குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். லைனுக்கு மேல் தண்ணீர் 1.5 மீட்டர் ஏறி நின்றால் அழுத்தம் 0.15 கிலோ. டியூப் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, டேப்பைச் செங்குத்தாகப் பிடித்து அளந்தால் சரி.