ஹேங்-ஆன் ஃபில்டர்: பளிச்சென்று கழுவுவதில்தான் சிக்கல்

மீன் தொட்டியின் பின் கண்ணாடியில் மாட்டும் ஹேங்-ஆன் ஃபில்டரில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு மோட்டார், உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் என்ற சின்ன விசிறி, தண்ணீரை உறிஞ்சும் குழாய், மீடியா (தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்சு, செராமிக் வளையம் போன்றவை) வைக்கும் பெட்டி, தண்ணீர் திரும்பி விழும் வாய், அவ்வளவுதான். ஆனாலும் திடீரென்று மீன் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் ஃபில்டரை எப்போது கழுவினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “நேத்துதான், குழாயடியில வச்சு பளிச்சுன்னு கழுவினேன்” என்ற பதில் அடிக்கடி வரும்.

ஃபில்டரைக் குப்பை பிடிக்கும் பெட்டி என்று நினைப்பதால் வரும் வினை இது. குப்பை பிடிப்பது அதன் பாதி வேலைதான். மீன் கழிவிலிருந்தும் மிச்சம் கிடக்கும் தீனியிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும், அது மீனுக்கு விஷம். ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் ஒட்டி வளரும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் (அதுவும் விஷம்தான்) பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் முழுசாக வளர 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிடித்துக் கசக்கினால் அத்தனை வார வேலையும் அஞ்சு நிமிஷத்தில் வாய்க்காலோடு போய்விடும். சோப்பு போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீரை ஒரு ராத்திரி வைத்திருந்தால் சரியாகிவிடும் என்பதையும் முழுக்க நம்பாதீர்கள். குளோரின் பறந்துவிடலாம், குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்திருந்தால் அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

செய்ய வேண்டியது சுலபம். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, அதில் ஸ்பாஞ்சை முக்கி ரெண்டு மூணு தடவை பிழிந்தால் போதும். முதல் பிழியலில் கெட்டியான பழுப்பு நிறம் வரும், அடுத்ததில் கொஞ்சம் வெளிறும், அதோடு நிறுத்திவிடுங்கள். தெளிவாக வரும்வரை பிழியக் கூடாது. செராமிக் வளையங்களை அதே தண்ணீரில் லேசாக அலசி எடுத்தால் சரி, பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அப்புறம், ஸ்பாஞ்சு, வளையம், மணல் எல்லாவற்றையும் ஒரே நாளில் சுத்தம் செய்யும் ஆர்வத்தையும் அடக்கிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஸ்பாஞ்சு என்றால் மணல் அடுத்த வாரம்.

இதை விடப் பெரிய தவறைச் செய்யச் சொல்வது ஃபில்டர் வரும் அட்டைப்பெட்டியே. மாதம் ஒரு முறை கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள் என்று அதில் அச்சடித்திருப்பார்கள். பஞ்சும் கார்பனும் சேர்ந்த அந்த ஒற்றைக் கார்ட்ரிட்ஜில்தான் பாக்டீரியாவும் குடியிருக்கிறது, அதைத் தூக்கி எறிந்தால் தொட்டி மறுபடி முதல் வாரத்துக்குப் போய்விடும். கார்பன் சில வாரங்களில் வலுவிழப்பது உண்மைதான், ஆனால் சாதாரணத் தொட்டிக்குக் கார்பன் கட்டாயமே இல்லை. மருந்தின் மிச்சம், நிறம், வாடை இவற்றை எடுக்கத்தான் அது வேண்டும். (மருந்து போடும் நாட்களில் கார்பனைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் போட்ட மருந்தை அதுவே உறிஞ்சிவிடும்.) வாங்கும்போதே கார்ட்ரிட்ஜை நம்பியிருக்கும் மாடலை விட்டுவிட்டு, நமக்கு வேண்டிய மீடியாவைப் போட்டுக்கொள்ள இடமுள்ள மாடலை எடுங்கள் என்பது என் கட்சி. தண்ணீர் முதலில் முரட்டு ஸ்பாஞ்சையும் பிறகு வளையங்களையும் தொட வேண்டும். மாடலுக்கு மாடல் தண்ணீர் கீழிருந்து மேலேயோ பக்கவாட்டிலோ போகும், அதைப் பார்த்து அடுக்குங்கள்.

அளவு விஷயத்தில் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மீடியா அடைத்து, கொஞ்சம் அழுக்கும் சேர்ந்த பிறகு ஓட்டம் அதை விடக் குறைவாகத்தான் இருக்கும். மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல 4 முதல் 6 மடங்கு என்பது பொதுவான கணக்கு. 80 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 320 முதல் 480 லிட்டர். நிறையக் கழிவு போடும் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இன்னும் கூடுதலாகவே வையுங்கள். அதற்காகச் சின்னத் தொட்டியில் பெரிய ஃபில்டரை மாட்டி, நீளத் துடுப்புள்ள பெட்டா மீனை நாள் முழுக்க எதிர்நீச்சல் போட வைக்காதீர்கள். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். தொட்டியின் விளிம்பு எவ்வளவு தடிமன், மூடியில் ஃபில்டருக்கு வெட்டு இருக்கிறதா, பின்னால் சுவருக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி போதுமா என்பதையும் அளக்க வேண்டும். பலர் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அளக்கிறார்கள்.

மாட்டும்போது பெட்டி சரிமட்டமாக இருக்கட்டும், பின்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் தரைக்கு வரும். மோட்டார் பெட்டியிலேயே இருக்கும் மாடல்களில் பெட்டியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டார் சூடேறிக் கெடும். கரண்ட் போய் வந்த பிறகு இந்த மாடல்களில் சில தானாகத் தண்ணீரை இழுக்காமல் வெறுமனே உறுமிக்கொண்டிருக்கும், கவனியுங்கள். மோட்டார் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் மாடலில் இந்தத் தொல்லை இல்லை. ஒயர் பிளக்கை விடக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறினால், அதில் வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாது.

சத்தம் வருகிறது என்று ராத்திரியில் ஃபில்டரை நிறுத்துகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள், பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். கரண்ட் பல மணி நேரம் இல்லாமல் இருந்திருந்தால், பெட்டியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓடவிடுங்கள். சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் ரெண்டில் ஒன்று. சளசளவென்றால் தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறது, ஊற்றினால் அடங்கும். கடகடவென்றால் இம்பெல்லர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை உருவிப் பாருங்கள்: காந்த உருளையின் மேல் வழவழப்பாக ஒரு படலம், தண்டில் சுற்றிய செடி நார், சில சமயம் மணலோ குட்டி நத்தையோ. சின்ன பிரஷால் உருளையையும் அது உட்காரும் குழியையும் தேய்த்துவிடுங்கள். தண்டு பீங்கானாக இருந்தால் லேசாக வளைத்தாலே ஒடிந்துவிடும், ஜாக்கிரதை.

இறாலோ மீன் குஞ்சோ இருந்தால் உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்சு உறை கட்டாயம் வேண்டும், அதை வாராவாரம் பிழிய வேண்டும். உள்ளே மீடியா அடைத்துக்கொண்டதா என்று தெரிய பெட்டியைத் திறக்கக்கூடத் தேவையில்லை. அடைத்துக்கொண்டால் பல மாடல்களில் தண்ணீர் மீடியாவைத் தொடாமலே குழாய்ப் பக்கமாகவோ ஓரத்திலோ வழிந்து தொட்டிக்குத் திரும்பும். அதுதான் கழுவும் நாள், காலண்டரில் குறித்தது அல்ல.

பழைய ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் புதியதைப் பக்கத்தில் மாட்டி, ஒரு மாதமாவது ரெண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். இடமில்லை என்றால் பழைய ஸ்பாஞ்சையும் வளையங்களையும் காயவிடாமல் புதுப் பெட்டிக்குள் திணித்துவிடுங்கள்.