ஒரு மிக்ஸர், பல ஆம்ப்: சிக்னல் பிரிக்கும்போது செய்யக்கூடாதவை

மண்டபங்களிலும் கோயில் விழாக்களிலும் புதிதாக சவுண்ட் போட வரும் பையன்களை அடிக்கடி பார்க்கிறேன். வயரை மாற்றிச் சொருகுவது, வால்யூமை இறக்காமல் ஆன் செய்வது எல்லாம் நாலு நிகழ்ச்சியில் தானே சரியாகிவிடும். மிக்ஸரிலிருந்து பல ஆம்ப்புகளுக்கு (ஆம்ப்ளிஃபையர்) சிக்னலைப் பிரிப்பதில் வரும் தவறுகள் அப்படிப் போவதில்லை.

சிக்னல் குறைந்துவிடும் என்ற பயம்

தேவையில்லை. மிக்ஸர் அவுட்புட் 150 ஓம், ஆம்ப் இன்புட் 20 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆம்ப்பை பேரலலாக இணைத்தாலும் மொத்தம் 2.5 கிலோ ஓம். குறைவது அரை டெசிபல்தான். அதற்காகத் தனி ஸ்ப்ளிட்டர் வாங்கிக் காசை விடாதீர்கள்.

இரண்டு அவுட்புட்டை ஒய் கேபிளால் சேர்ப்பது

கூடாது. ஒரு முனை இரண்டாகப் பிரியும் ஒய் கேபிள், ஒரு சிக்னலைப் பிரிக்க மட்டும்.

ஸ்பீக்கர் வயரிலிருந்து அடுத்த ஆம்ப்புக்கு எடுப்பது

பிரிட்ஜில், அதாவது இரண்டு சேனலும் சேர்ந்து ஒரே பாக்ஸுக்கு ஓடும் ஆம்ப்பில் மைனஸ் முனையிலும் சிக்னல் உண்டு. அடுத்த ஆம்ப்பின் இன்புட் வழியாக அதை எர்த்தோடு சேர்த்தால் ஆம்ப் போய்விடும். ஆம்ப்பின் பின்னால், உள்ளே வந்த சிக்னலை அப்படியே அடுத்த ஆம்ப்புக்குத் தரும் லிங்க் சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்.

ஹம் வருகிறது என்று எர்த்தை வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. இடப்பக்க ஆம்ப் ஜெனரேட்டரில், வலப்பக்க ஆம்ப் மண்டபத்து லைனில் இருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம். சிக்னல் கேபிளின் ஷீல்டு இரண்டையும் இணைத்துவிடுவதால் அதில் கரண்ட் ஓடும். 50 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று கேட்பது அதுதான். உடனே யாராவது பிளக்கைக் கழற்றிப் பச்சை வயரை வெட்டுவார்கள். சத்தம் நின்றுவிடும். நிற்பதால்தான் இந்தப் பழக்கம் ஒழிய மாட்டேன் என்கிறது.

அப்புறம் என்ன ஆகும்? ஆம்ப்புக்குள் லைவ் வயர் பாடியைத் தொட்டால் 230 வோல்ட்டுக்கு இருக்கும் ஒரே வழி அந்த மெல்லிய ஷீல்டு. ஷீல்டு எரியும், மிக்ஸரும் போகும். மிக்ஸரிலும் எர்த் இல்லையென்றால் பாடகர் கையில் இருக்கும் மைக்கின் பாடி வரை லைவ். ஒரு திருவிழாவில் மழை பெய்து மேடை ஈரமாக இருந்தது. ரேக்கைத் தொட்ட உதவியாளன் தூக்கி எறியப்பட்டான். நல்லவேளை பிழைத்துக்கொண்டான். பிளக்குகளைத் திறந்தால் ஆம்ப், மிக்ஸர் எல்லாவற்றிலும் பச்சை வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். பல நாளாக அப்படியேதான் வேலை செய்திருக்கிறார்கள்.

முதலில் எல்லாவற்றுக்கும் ஒரே டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். பாதி ஹம் அங்கேயே போய்விடும். மிச்சம் இருந்தால், பேலன்ஸ்டு கேபிளில் (இரண்டு சிக்னல் வயர், தனி ஷீல்டு) ஆம்ப் பக்கம் மட்டும், ஷீல்டு சேரும் எக்ஸ்எல்ஆர் பிளக்கின் பின் (pin) 1-ஐக் கழற்றுங்கள். அன்பேலன்ஸ்டு (ஒரே சிக்னல் வயர், ஷீல்டு) என்றால் சிக்னல் லைனில் 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். கரண்ட் பிளக்கின் எர்த்தை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

பின் 2, பின் 3 இடம் மாறுவது

இவை பேலன்ஸ்டு கேபிளின் பிளஸ், மைனஸ் சிக்னல் முனைகள். ஒரே ஒரு கேபிளில் மாறினாலும் போதும். ஒவ்வொரு பாக்ஸும் தனியாக நன்றாகக் கேட்கும். சேர்த்தால் நடுவில் நிற்பவருக்கு பேஸ் இருக்காது. உடனே ஈக்வலைசரில் பேஸை ஏற்றி ஆம்ப்பை கிளிப் (அளவு மீறி சத்தம் உடைவது) ஆக்குவார்கள். அதற்கு முன்னால் இரண்டு பாக்ஸையும் பக்கத்தில் வைத்து மோனோவில் ஒரு பாட்டு போடுங்கள். ஆம்ப்பை ஆஃப் செய்து, ஒரு பாக்ஸின் வயரில் மட்டும் பிளஸ், மைனஸை மாற்றி மறுபடி கேளுங்கள். பேஸ் கூடினால் ஒரு கேபிள் தலைகீழாக இருக்கிறது.