ஓசிடி ஆலோசனையில் 'ஒண்ணும் ஆகாதும்மா' என்று சொல்லாதீர்கள்

எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி ஒருவர், எண்ண சுழற்சி நோய் என்கிற ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்) உள்ள ஒருவருக்குப் போன வாரம் அரைமணி நேரம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்படியெல்லாம் நடக்காதுங்க, கவலைப்படாதீங்க." பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மனசு பதறியது. ஆரம்பத்தில் நானும் அதையேதான் செய்தேன். சுத்தம் பார்ப்பவர் எல்லாருக்கும் ஓசிடி இல்லை என்பது போன்றவை இந்த வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஆலோசனை சொல்லும் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஆறுதல் சொல்வது

பிரசவமாகி நான்கு மாதமான ஒரு பெண். கத்தியைப் பார்த்தாலே, குழந்தையைக் குத்திவிடுவோமோ என்ற எண்ணம். கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். இப்படிப்பட்ட எண்ணம் தன் விருப்பத்துக்கு நேர் எதிராக இருப்பதால்தான் ஒருவர் இவ்வளவு நடுங்குகிறார். (எண்ணம் சரியென்றே தோன்றினாலோ, காதில் குரல் கேட்டாலோ அது வேறு நோய். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.)

அந்த எண்ணம் அவர் விருப்பத்துக்கு எதிரானது என்று ஒருமுறை விளக்குவது சிகிச்சை. நான் அதோடு நிற்காமல் என் செல்போன் எண்ணையும் கொடுத்தேன். "நான் செய்ய மாட்டேன்தானே மேடம்?" என்று முதல் வாரம் நாளுக்கு இரண்டு தடவை கேட்டார். பிறகு ராத்திரி பதினொன்றுக்கும் போன் வந்தது. கேள்வியும் மாறிக்கொண்டே போனது. "தூக்கத்துல செஞ்சிட்டா?" "நீங்க என்னைத் தப்பா புரிஞ்சிருந்தா?" ஒவ்வொரு பதிலும் பத்து நிமிஷம்தான் தாங்கியது. இரண்டு மாதத்தில் அவர் குழந்தையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டார்.

கை கழுவுகிறவருக்குச் சோப்பு எப்படியோ, அப்படித்தான் அவருக்கு என் பதில். கழுவாவிட்டாலும் பதற்றம் இறங்கும், பதில் கிடைக்காவிட்டாலும் இருக்க முடியும் என்று மனசு பழக வேண்டும். நான் அதற்கு வழியே விடவில்லை. 1966இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் செய்து காட்டியதும் இதைத்தான்: பயப்படும் பொருளை நெருங்கவைத்து, சடங்கைத் (பதற்றம் தணியத் திரும்பத் திரும்பச் செய்வதை) தடுத்தார். இன்றைக்கு ஈஆர்பி (எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன்) என்று நாம் செய்யும் சிகிச்சையின் தொடக்கம் அது.

அதற்காகத் திடீரென்று வாயை மூடிக்கொள்ளக் கூடாது. முன்கூட்டியே பேசி வையுங்கள்: "இந்தக் கேள்விக்கு இனி பதில் சொல்ல மாட்டேன். பதறும், நான் கூட இருக்கேன்." அந்தப் பெண்ணும் நானும் முதலில் கத்தியைப் பரணிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தோம். பல வாரம் கழித்து, குழந்தை பக்கத்தில் படுத்திருக்க, அவர் ஒரு கேரட் நறுக்கினார். துண்டுகள் ஒரே அளவாக இல்லை. ஆனாலும் முழுவதும் நறுக்கி முடித்தார்.

எண்ணத்தை நிறுத்தச் சொல்வது

நிறுத்த நிறுத்த அதிகமாக வரும். எண்ணம் வரும்போதெல்லாம் மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சுண்டச் சொல்வதும் வேண்டாம்.

மனசுக்குள் நடக்கும் சடங்கைக் கேட்காமல் விடுவது

ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, மந்திரம் சொல்வது, நடந்ததை ஓட்டிப் பார்ப்பது. கேட்டால்தான் சொல்வார்கள்.

மருந்தை அவசரமாக எடைபோடுவது

பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் பெரும்பாலும் கூடுதலாக வேண்டியிருக்கும். மூன்றாவது வாரத்தில் நிறுத்தப்போகிறேன் என்றால், மருத்துவரிடம் பேசாமல் நிறுத்தாதீர்கள் என்று சொல்லுங்கள்.

வீட்டாரை விட்டுவிடுவது

நாம் பதில் சொல்வதை நிறுத்தினால் கேள்வி வீட்டுக்குப் போகும். அந்தப் பெண்ணின் கணவரை உட்காரவைத்து இதை விளக்கியபோது அவர் கேட்டார்: "அவ அழுதா நான் என்னங்க செய்றது?"

"பக்கத்துல உக்காந்துக்கோங்க. கையப் பிடிச்சுக்கோங்க. பதில் மட்டும் சொல்லாதீங்க."