நாய்க்குட்டி வாங்கும் முன்: கடலோரப் புழுக்கத்துக்கு ஏற்ற இனம் எது?

கடலூரிலும் புதுச்சேரியிலும் நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர் படத்தைப் பார்த்தே இனத்தை முடிவுசெய்துவிடுகிறார்கள். நீலக் கண் பிடித்துப்போய் ஹஸ்கி, சப்பை மூக்கு பிடித்துப்போய் பக். முதலில் வீடு, பிறகு இனம், கடைசியில்தான் குட்டி. அந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: வீட்டைக் கணக்கெடுங்கள்

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடுத்து, காலையும் மாலையும் நாயை வெளியே நடத்திச் செல்வது யார்? இதற்கு ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால் அம்மா பார்த்துக்கொள்வார் என்று பொருள்; அவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் வேலைக்கே போயிருக்கும்.

படி 2: அந்த இனத்தின் பழைய தொழிலை விசாரியுங்கள்

ஒவ்வோர் இனமும் ஏதோ ஒரு வேலைக்காக உருவானது. வேலை போனாலும் குணம் போகாது. டாக்ஸ்ஹண்ட் வளைக்குள் புகுந்து வளைக்கரடி (பேட்ஜர்) என்ற விலங்கைப் பிடிக்க ஜெர்மனியில் வளர்க்கப்பட்டது. உங்கள் பூந்தொட்டியைத் தோண்டினால் கோபித்துப் பயனில்லை. பீகிள் மோப்பம் பிடித்து முயலைத் துரத்திய நாய். ஏதாவது வாசனை கிடைத்தால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது, ஊளையும் பலமாக இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டு ஆடு மேய்த்த இனம், மூளைக்கு வேலை கொடுக்காவிட்டால் வீட்டாரையே மேய்க்கத் தொடங்கும். லாப்ரடார் சுடப்பட்ட வாத்தைத் தண்ணீரிலிருந்து கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது. அதனால்தான் செருப்பைக் கவ்விக்கொண்டு வாலாட்டி நிற்கிறது.

நம் நாட்டு இனங்களுக்கும் இதே கணக்குதான். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிக்கும் ஓட்டக்கார நாய்கள். திறந்த வெளி வேண்டும். தெருவில் ஓடும் பூனையும் ஆட்டுக்குட்டியும் அவற்றின் கண்ணுக்கு வேட்டைதான். கோம்பையும் ராஜபாளையமும் வேட்டையோடு காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. கம்பீரமான நாய், ஆனால் அந்நியரை எளிதில் ஏற்காது. நெல்லிக்குப்பம் பக்கம் தோப்பும் கிணறும் உள்ளவர்களுக்குப் பொருந்தும். முத்தியால்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், நாளெல்லாம் ஆள் வந்துபோகிற இடத்தில், நாய்க்கும் நிம்மதி இராது, பால்காரருக்கும் இராது.

படி 3: புழுக்கத்தைக் கணக்கில் எடுங்கள்

இனம் பற்றிய விளக்கங்களில் அதிகம் பேசப்படாதது இது. நம் ஊருக்கு முக்கியமானதும் இதுதான். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் பாதங்களில்தான் வியர்வை. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடம்பு குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். வேலூரின் வறண்ட வெயிலைவிட, வெப்பமானி குறைவாகக் காட்டும் தேவனாம்பட்டினத்துப் புழுக்கம் சில நாட்களில் நாயை அதிகம் வதைப்பது இதனால்தான்.

பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்ஸு போன்ற குட்டை மூக்கு நாய்களுக்கு இரைக்கிற வழியே குறுகல். அவை தூங்கும்போது விடும் குறட்டையைப் பார்த்துச் சிரிக்கிறோம்; அது மூச்சுத் திணறலின் சத்தமாகவும் இருக்கலாம். பனிக்கு ஏற்ற அடர்ந்த ரோமம் கொண்ட ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏசி இருக்கிறதே என்பீர்கள். அக்னி நட்சத்திரத்தில் மதியம் மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்றும் யோசித்துவிடுங்கள். என் கருத்தில் இந்த இனங்கள் இங்கே வரவே வேண்டாம்.

நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறிக் காற்றுப் படவைத்து, மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பிறகு எதைத்தான் வாங்குவது? முதல்முறை வளர்க்கிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை நம் தெரு நாய்க்குட்டிதான். குட்டை ரோமம், நீண்ட மூக்கு, அளவான உடம்பு. இந்தக் காற்றிலேயே தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்தது. இரண்டாவது, இந்தியன் ஸ்பிட்ஸ். பொமரேனியன் என்ற பெயரில் இங்கே விற்கப்படும் வெள்ளை நாய் பெரும்பாலும் இதுதான். சிறிய வீட்டுக்குச் சரி, ஆனால் வாய் ஓயாது. லாப்ரடாரும் சமாளிக்கும். உடம்பு பெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் குளிப்பாட்டினால் நல்ல தண்ணீரில் அலசி, காது மடலைத் தூக்கி உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள். தொங்கும் காதில் ஈரம் தங்கினால் சீழ் வைக்கும்.

படி 4: குட்டியை நேரில் பாருங்கள்

தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ல் வந்த மத்திய அரசு விதி.

குட்டியைத் தூக்கி உதட்டை விலக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் குடற்புழுவோ உண்ணியோ இரத்தத்தைக் குடித்திருக்கலாம். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தாலும் புழுவாக இருக்கக்கூடும். வாலைத் தூக்கிப் பாருங்கள், பேதியின் கறை இருக்கக் கூடாது. காதின் உட்புறத்திலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். ராஜபாளையம் போன்ற வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேளாது. குட்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்றின் அசைவு அதற்குத் தெரிந்துவிடும், சாவிதான் சரி. காது திரும்புகிறதா என்று கவனியுங்கள்.

படி 5: முதல் வாரம்

வீட்டுக்கு வந்த ஓரிரு நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும்; வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். மழைக்காலத்தில் நம் தெருக்களில் தண்ணீர் தேங்கும் என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் கேட்டு வாங்குங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை கடற்கரைக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. சாம்பார் சாதம் ஊற்றிப் பழக்காதீர்கள். குட்டி இதுவரை என்ன சாப்பிட்டது என்று கொடுத்தவரிடமே கேட்டு, முதல் வாரம் அதையே கொடுங்கள். புது உணவை அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம்.